அசனா பாடமாக்கிய இலக்கம்

"உங்கள் அழைப்பு எமக்கு மிகவும் பெறுமதியானது" என்று அந்தப் பெண்குரல் மறுபடியும் சொன்னபோது புஸ்பராணிக்கு வந்த ஆத்திரத்துக்கு ரிசீவரைச் சுவரில் அடித்து உடைத்திருப்பாள். உடைக்கவில்லை. அவளுடைய கடை, அவளுடைய ரிசீவர். முதலில் சிங்களம், பிறகு ஆங்கிலம், கடைசியில் தமிழ். தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொல்கிறார்கள், அழுத்தினால் ஒரு பாட்டுப் போடுகிறார்கள். அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவன் மட்டும் அன்றைக்கு அவள் கையில் அகப்பட்டிருந்தால் தெரிந்திருக்கும். விரிகுடாவுக்கு அக்கரையில், மூதூரில், ஷெல் விழுந்துகொண்டிருந்தது. விழுகிற ஒவ்வொன்றுக்கும் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. பெறுமதியாம் பெறுமதி!

திருகோணமலைத் துறைமுக வீதியில் அவள் வைத்திருந்தது ஒரு கொமினிகேசன். இரண்டு தொலைபேசி, ஒரு போட்டோகொப்பி மெசின், இன்டர்நெட் உள்ள ஒரு கணினி. சண்டைக் காலத்தில் இப்படிப்பட்ட கடைகளில் ஒரு வழக்கம் இருந்தது. டோஹாவிலிருந்து மகன் ஒரு தொலைபேசியில் எடுப்பான். ஊரில் இருக்கிற தாயை மற்றத் தொலைபேசியில் பிடித்து, இரண்டு ரிசீவரையும் தலைகீழாகப் பொருத்தி, ஒன்றின் வாய் மற்றதன் காதில் இருக்கும்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். புஸ்பராணி அதில் கைதேர்ந்தவள். கை உளைய உளைய நிற்பாள், காதை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள்.

ஆள் இல்லாத நேரத்தில் கணினிக்கு முன்னால் போய் இருந்துவிடுவாள். இணையத்தில் 'அடுப்படி' என்று ஒரு தமிழ்ச் சமையல் அரட்டைக் குழு. அதில் எல்லோருக்கும் சாப்பாட்டுப் பெயர்தான். நடத்துகிறவள் 'தொதல்', கனடாக்காரி. 'பால்கஞ்சி' என்று ஒருத்தி. புஸ்பராணி 'சொதி'. சொந்தப் பெயர் சொல்லக்கூடாது, ஊர் கேட்கக்கூடாது, அரசியல் வாயில் வரக்கூடாது என்பது குழுவின் முதல் சட்டம். அந்தக் காலத்துக்கு ஏற்ற சட்டம். ஆனாலும் மாமியாரைத் திட்டலாம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அழலாம். கலியாணம் ஆகாத புஸ்பராணிக்கு வீட்டில் கதைக்க ஒரு சீவன் இல்லை. அடுப்படியில் அவள் போகாத வீடு இல்லை.

'வட்டிலப்பம்' என்ற பெயரில் வந்தவளோடுதான் அவளுக்கு அதிகம் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் இருவரும் கீரிமீன் பொரியலைப் பற்றி எழுத்தாலேயே சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது, கடல் பக்கத்திலிருந்து ஒரு பெரிய வெடிச் சத்தம். புஸ்பராணி திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். திரையில் வட்டிலப்பத்தின் வரி வந்தது: "அல்லாஹ்வே, பொறுங்க, இங்க ஒரு வெடி." ஒரே வெடி! சட்டத்தைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிட்டுப் புஸ்பராணி தனிமடலில் கேட்டாள்: "பிள்ளை, நீங்கள் எந்தக் கரை?"

அக்கரைதான். மூதூரில் கணினி வகுப்பு எடுக்கிற நஜ்முன் நிஸா. புருசன் கலீலுர் றஹ்மான் டோஹாவில். 'நானா' என்று அவள் கூப்பிடுகிற தமையன் மஹ்ரூப்தான் ஊரில் துணை. மகள் அசனாவுக்கு அடுத்த தையில்தான் பள்ளிக்கூடம். லாஞ்சிப் படகில் ஏறினால் ஒரு மணித்தியாலப் பாடு, இருந்தும் இருவரும் சந்திக்கவில்லை. ஒருநாள் கடையடைப்பு, ஒருநாள் லாஞ்சி ஓடவில்லை, ஒருநாள் சந்தைப் பக்கம் குண்டு. "நோன்புப் பெருநாளைக்கு வாறன் அக்கா, வட்டிலப்பம் கொண்டு வாறன்" என்று நிஸா போனில் சொல்லுவாள். இடையில் அசனா ரிசீவரைப் பறித்து, தாய் பாட்டாகச் சொல்லிக்கொடுத்த அவர்களுடைய கைப்பேசி இலக்கத்தை முழுக்கப் பாடிக் காட்டுவாள். "காணாமப் போனா இத ஆரிட்டயாவது பாடணும்" என்று விளக்கமும் சொல்லுவாள். எந்தத் தாய் பிள்ளைக்கு இப்படியொரு தாலாட்டுப் படிப்பிப்பாள்? அந்தக் காலத்துத் தாய்மார் படிப்பித்தார்கள்.

ஆவணி பிறக்க முன்னமே அக்கரையில் சண்டை தொடங்கிவிட்டது. அன்றைக்குக் காலையில் கடைத் தொலைபேசி அடித்தது. நிஸாவின் குரலுக்குப் பின்னால் சனத்தின் இரைச்சல்.

"அக்கா, ஊர விட்டு ஓடுறம். அசனாவ ட்ரெக்டர்ல ஏத்தி விட்டன். எனக்கு இடமில்ல எண்டு தள்ளிட்டாங்க. நானும் மஹ்ரூப் நானாவும் நடந்து போறம். அவள் நம்பரப் பாடுவாள், ஆராவது எடுப்பாங்க. ஆனா அக்கா, உள்ளுக்கு ஒரு கோலும் வருதில்ல! அவர் டோஹாவில இருந்து மெசேஜ் அனுப்பியிருக்கார், எடுத்து எடுத்துப் பாத்தாராம், லைன் போகுதில்லயாம். கொம்பனிக்கு எடுத்தாப் பாட்டுப் போடுறானுகள், பெட்டரி செத்திரும். நீங்க எடுத்துச் சொல்லுங்க அக்கா."

"நீ நட பிள்ளை. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாள் புஸ்பராணி.

அதற்காகக் கொம்பனிக்கு எடுத்தபோது கேட்டதுதான் இந்தப் பாட்டு. கடைசியில் பாட்டு நின்றது. ஒரு பொடியன், அச்சடித்த தமிழில் பேசினான்.

"வணக்கம். நான் உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?"

"தம்பி, நான் சொல்லுற நம்பருக்கு வெளியில இருந்து கோல் வருகுதில்லை. ஒரு குழந்தைப்பிள்ளை தாயைத் தேடி எடுக்கப் போகுது. கெதியாச் சரிபண்ணித் தாங்கோ."

"இணைப்பின் உரிமையாளர் நீங்களா மேடம்?"

இல்லை என்றால் உரிமையாளரை எடுக்கச் சொல்லிவிட்டு வைத்துவிடுவான். கடைக்கு வருகிற எத்தனை சனத்துக்கு அந்த அநியாயம் நடந்து பார்த்திருக்கிறாள்! "ஓம், நான்தான்" என்றாள்.

"முழுப்பெயர்?"

"நஜ்முன் நிஸா."

விசைகள் தட்டுப்படும் சத்தம் கேட்டது. "எமது பதிவில் வேறொருவரின் பெயர் உள்ளது மேடம்."

புஸ்பராணிக்கு உச்சந்தலையில் ஆணி இறங்கியது போல இருந்தது. அந்த நாட்களில் ஒரு சிம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று கேட்பது, ஆட்டுக்குட்டிக்குத் தகப்பன் யார் என்று கேட்பது மாதிரி. சொந்த அட்டையைக் கொடுத்தால் நாளைக்கு யார் வந்து கதவைத் தட்டுவானோ என்று தமிழ்ச் சனத்துக்குப் பயம். கடை வரிசையில் போய் நிற்க முஸ்லிம் பெண்களுக்குக் கூச்சம். ஒழுங்கை முழுவதும் ஒருவருடைய அடையாள அட்டையில், ஐசியில்தான் கதைத்தது. "ஆற்றையாவது ஐசி கொப்பி ஒண்டு கொண்டு வாங்கோ" என்று இதே புஸ்பராணிதானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள்! ஊருக்கெல்லாம் சொன்ன புத்தி, தன் தேவைக்கு வாய் திறந்தபோது எங்கே போய்த் தொலைந்ததோ.

"மஹ்ரூப்! அவவின்ர தமையன், மஹ்ரூப் எண்டு பாருங்கோ தம்பி" என்று பதறினாள்.

"மன்னிக்கவும் மேடம். பதிவு செய்யாத நபர் பாவிக்கும் இணைப்பு என்று நீங்களே உறுதிப்படுத்தியிருக்கிறீர்கள். பாதுகாப்பு விதிமுறைப்படி இதை இப்போதே நிறுத்த வேண்டும்."

"ஐயோ ராசா, வேண்டாம்! அந்தப் பிள்ளைக்கு அந்த நம்பரைத் தவிர வேற ஒண்டும் தெரியாது!"

"நிறுத்தியாயிற்று மேடம். பதிவுசெய்தவர் அடையாள அட்டையுடன் எமது கிளைக்கு நேரில் வந்தால் மீளப் பெறலாம். வேறு ஏதேனும் உதவி தேவையா?"

தேவையாம். அவள் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். அவனுடைய தாயைக்கூட விடவில்லை. அவன் இடையிலேயே வைத்துவிட்டான். சற்று நேரத்தில், பாட்டுக்கு முன்னால் தொடர்புக்கென்று அழுத்திக் கொடுத்த அவளுடைய கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது: எமது சேவையில் எவ்வளவு திருப்தியடைந்தீர்கள், ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண்ணை அனுப்புக.

மறுநாள் திரும்பவும் எடுத்துக் கெஞ்சியபோது வேறொரு பெண் சாவதானமாகச் சொன்னாள், முந்தைய நாள் அந்தக் கோபுரத்தில் நெரிசலாம். ஓடுகிற சனம் எல்லாம் ஒரே நேரத்தில் போன் எடுத்ததால் உள்வரும் அழைப்புகள் தடைப்பட்டனவாம். பின்னேரமே எல்லா இணைப்பும் தானாகச் சரியாகிவிட்டதாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. புஸ்பராணி அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

அடுப்படியில் எழுதினாள். யாருடைய வாயால் நின்றது என்பதை மட்டும் எழுதவில்லை, லைன் நின்றுபோனது என்று மட்டும் எழுதினாள். நல்ல பெண்டுகள், ஆளுக்கொரு பக்கம் எழும்பினார்கள். தொதல் கனடாவில் இருந்து கொம்பனியின் தலைமைக் கந்தோருக்கு எடுத்தாள். மற்றவர்கள் மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சல் அனுப்பினார்கள். எல்லோருக்கும் ஒரே மறுமொழி: உங்கள் முறைப்பாடு கிடைத்தது, உங்கள் பொறுமைக்கு நன்றி.

நிஸா யாருடையதோ போனில் இருந்து எடுத்தாள். கந்தளாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாளாம். அசனா வரவில்லையாம். "என்ட போன் அப்படியே செத்துப் போச்சு அக்கா. கொம்பனி என்ன சொல்லிச்சு?"

"பாக்கிறாங்களாம் பிள்ளை" என்றாள் புஸ்பராணி. "லைன் மஹ்ரூப்பின்ர பேரிலதானே? அவர் ஒருக்கா ஐசியோட திருகோணமலைக்கு வந்தால்…"

"நானா உடுத்த சாரத்தோட ஓடி வந்தவர். ஐசி வீட்டில. ஐசி இல்லாம செக்பொயின்ட் தாண்ட ஏலுமா?"

ஏலாது. அட்டை இல்லாமல் கிளைக்கு வரவும் ஏலாது, வந்தாலும் அட்டை இல்லாமல் லைன் எடுக்கவும் ஏலாது. அழகாகத்தான் கட்டியிருந்தார்கள்.

புஸ்பராணி கடையைப் பூட்டிவிட்டு, சோதனைச் சாவடிகளில் இறங்கி இறங்கி ஏறிக் கந்தளாய்க்குப் போனாள். பள்ளிக்கூட மண்டபம் முழுவதும் சனம், பாய், அழுகிற பிள்ளைகள். அவ்வளவு நாள் பழகிய சிநேகிதியை அன்றைக்குத்தான் முதன்முதல் பார்த்தாள். அடையாளம் பிடிக்கச் சிரமமே இல்லை. சுவரில் மின்சாரம் எடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில், செத்த போனைச் சார்ஜில் போட்டுக் கையில் பிடித்தபடி ஒரு மெலிந்த பெண் இருந்தாள். இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

அங்கே தொண்டு வேலை செய்து, இடையில் வீட்டுக்குப் போய் அன்றைக்குத்தான் திரும்பிவந்த ஸாலிஹா டீச்சர் நிஸாவின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் கேட்டதும் நின்றுவிட்டார்.

"அசனாவா? பச்சைச் சட்டை? முதல் நாள் ராவைக்கு அந்தப் பிள்ள இங்கதான் இருந்திச்சி. நம்பரப் பாட்டாப் பாடிச்சி. நாங்க எவ்வளவு தரம் அடிச்சம்! அப்படி ஒரு இலக்கமே பாவனையில இல்லையெண்டு சொல்லுது. பிள்ள ஏதோ ஒரு எண்ண மாத்திச் சொல்லுதெண்டு நினைச்சம். 'பிழையாச் சொல்றீங்க மகள், யோசிச்சுச் சொல்லுங்க' எண்டு கேட்டம். அழுதழுது அதையேதான் பாடிச்சி. விடியப் புத்தளத்துக்குப் போன பஸ் ஒண்டில பிள்ளையத் தெரியுமெண்டு சொன்ன பொம்பளை ஒருத்தி கூட்டிட்டுப் போனா. ஆரெண்டு எனக்குத் தெரியாதும்மா."

நிஸா திரும்பிப் புஸ்பராணியைப் பார்த்தாள். "முதல் நாளேயா? அண்டைக்கு உள்ளுக்குக் கோல்தானே வராம இருந்திச்சி. நம்பர் எப்படி இல்லாமப் போகும் அக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். கொம்பனியின் தலையில் கட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்? புஸ்பராணியால் ஏலவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள், தன் வாயால் தானே நிஸா என்று பெயர் சொன்னதை, அவன் அந்த நிமிசமே நிறுத்தியதை, சும்மா இருந்திருந்தால் பின்னேரம் லைன் தானாக வந்திருக்கும் என்பதை.

நிஸா கத்தவில்லை. போனைச் சார்ஜில் இருந்து கழற்றி, வயரைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க அக்கா" என்றாள். பிறகு, "நேரத்தோட போங்க, பஸ் போயிரும்" என்றாள்.

அதோடு சரி. மஹ்ரூப் எப்படியோ தேடிக்கொடுத்த புது இணைப்பின் இலக்கத்தை நிஸா தொதலுக்கு அனுப்பினாள், புஸ்பராணிக்கு அனுப்பவில்லை. தொதல்தான் அனுப்பி வைத்தாள். அடுப்படியில் வட்டிலப்பத்தின் பெயர் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

ஆனால் அடுப்படிப் பெண்டுகள் விடவில்லை. அசனாவின் அங்க அடையாளத்தைக் கண்ட கண்ட இடமெல்லாம் போட்டார்கள். நோன்பு தொடங்கிய பிறகு ஒருநாள் மத்தியானம் கடைத் தொலைபேசி அடித்தது. பால்கஞ்சி! அவள் புத்தளத்துக்காரி என்பதே அன்றைக்குத்தான் தெரியும். "சொதி அக்கா, பிள்ளை என் பக்கத்தில நிக்கிது. பஸ்ஸில கூட்டிட்டு வந்த பொம்பளை வீட்டிலதான் இருந்திருக்கு. குழுவில போட்ட கடை நம்பருக்கு எடுத்தேன். கதைங்க."

"அசனா மகள், சொதி மாமி கதைக்கிறன். உங்களுக்கு உம்மாவின்ர நம்பர் பாடமெல்லோ. அந்த வீட்டில ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"அது பிழையான நம்பர்" என்றது பிள்ளை. "எல்லாரும் சொன்னாங்க. நான் இப்ப அதப் பாடுறல்ல."

"உம்மாவுக்கு இப்ப புது நம்பர் மகள்."

"அது சரியான நம்பரா?" பிள்ளை கொஞ்சம் யோசித்தது. "முதல்ல நீங்க அடிச்சுப் பாருங்க."

மற்றத் தொலைபேசியை எடுத்து அடித்தாள். ஒருமுறை பிழைத்து, திரும்ப அடித்தாள். முதல் மணியிலேயே எடுபட்டது. "ஹலோ, ஆரு?" நிஸாவின் குரல். புஸ்பராணி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லத் தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, இரண்டு ரிசீவரையும் தலைகீழாகப் பொருத்தி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

வழமைபோலக் காதை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளத்தான் பார்த்தாள். அன்றைக்கு மட்டும் முடியவில்லை. ஒரு கத்தல், ஒரு அழுகை. அதற்குப் பிறகு அந்தச் சின்னக் குரல்:

"உம்மா, நான் நம்பர சரியாத்தானே சொன்னன்?"

"ஓம் மகள். நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நீங்க சரியாத்தான் சொன்னீங்க."

கை உளைந்து மரத்துப்போகும் வரை புஸ்பராணி பிடித்துக்கொண்டு நின்றாள். கதைத்து முடிந்ததும் முதலில் புத்தளம் வைத்தது. பிறகு கந்தளாய் வைத்தது. இடையில் பிடித்துக்கொண்டு நின்றது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.