தானுவுக்குத் தமிழ் தெரியும்

செவ்வாய்க்கிழமையா, இல்லை புதனா… றோசமலருக்கு இப்போது நிச்சயமில்லை. அன்று வேலைவீட்டில் கார்ச்சோபிப் பூக்களை, இத்தாலியர் சமைக்கிற அந்த முள்மொட்டுகளை, அரிந்துகொண்டிருந்தாள் என்பது மட்டும் நிச்சயம், அதன் கறை விரலில் இரண்டு நாள் கறுப்பாக நிற்கும், பஸ்ஸின் கம்பியைப் பிடித்தபடி அந்தக் கறுப்பு விரல்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள், மற்றதெல்லாம் பிறகு நினைத்து நினைத்து அவளாகச் சேர்த்ததாகவும் இருக்கலாம், வீட்டுக்காரி சின்யோரா சிரித்தாளா, அவள் மகன் தானு கதவில் சாய்ந்து நின்றானா கதிரையில் இருந்தானா… ஆனால் அவன் சொன்னது பிசகாது. அதில் ஒரு சொல்லைக்கூட அவள் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

கைப்பைக்குள் அந்தக் கடதாசி இருந்தது. வேலைவீடு மொந்தெல்லோவில், தன் வீடு சீசாவில், பலெர்மோவின் இரண்டு அந்தம், வர இரண்டு பஸ், அன்று முதலாவதிலேயே நெரிசல், யாரோ வாங்கிப்போன மீன் பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அவள் கைப்பையை நெஞ்சோடு தூக்கிப் பிடித்தாள், மீனுக்கா, மீனோடுதானே பிறந்து வளர்ந்தாள், மன்னார்க்காரிக்கு மீன் தண்ணீரா பயம்… இல்லை, கடதாசிக்குத்தான். சின்யோராவே ஆங்கிலத்தில் எழுதி அச்செடுத்துத் தந்தது, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு, பக்கத்தில் வகுப்புச் சீலுக்கு ஒரு வட்டம். பங்குத் தமிழ் வகுப்பின் ஆசிரியை றோசமலராகிய நான், கயெத்தானோ என்னும் மாணவனுக்கு மூன்று வருடம் ஒழுங்காகத் தமிழ் கற்பித்தேன் என்று உறுதிப்படுத்துகிறேன். கயெத்தானோ, அதாவது தானு. ஒழுங்காக! அமெரிக்காவில் ஒரு பெரிய கல்லூரி, நூறு பேர் கேட்டால் ஐந்து பேரை எடுக்குமாம், ஆங்கிலம் தவிர மூன்று வருடமாவது ஒரு பிறமொழி படித்திருக்க வேண்டுமாம், தானு பிரெஞ்சை ஒன்றரை வருடத்தில் விட்டுவிட்டான், வாத்தியார் அலுப்பாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். பிரெஞ்சு எல்லாரிடமும் இருக்கிறது றோசா, ஸ்பானிஷ் எல்லாரிடமும் இருக்கிறது, தமிழ் யாரிடம் இருக்கிறது சொல் பார்ப்போம், என்று சின்யோரா கேட்டாள், கடைக்கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கும் கைப்பையைப் பற்றிக் கேட்பதுபோல.

போன மாதம் யூலியானா கேட்டதும் இதைத்தானே. சொந்த மகள், அவளுக்கும் அதே மாதிரி ஒரு கல்லூரி, முழுப் புலமைப்பரிசில், அவளுடைய பள்ளிக்கூடத்தில் நடுவில் பிரெஞ்சை எடுத்துவிட்டு ஸ்பானிஷ் போட்டார்கள், இரண்டுமே மூன்று வருடம் வராது. “மம்மா, நீங்கதானே தமிழ் டீச்சர், ஒரு லெட்டர்…” என்று இத்தாலியனில் இழுத்தாள். கோபம் வந்தால் றோசமலருக்குத் தமிழ்தான் வரும். “நீ சின்னனில முதல் நன்மை வாங்கினதோட வகுப்பை விட்டனி, ஆனா ஆவன்னாவுக்கு மேல உனக்கு என்ன தெரியும்? பொய் சொல்லுறது பாவம். சீல் என்ன விளையாட்டுச் சாமானே?” பிள்ளை வேறு எங்கோ கேட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அன்றைக்கு றோசமலருக்குத் தன்மேல் எவ்வளவு பெருமை… சீ. அந்தப் பெருமையை இப்போது நினைக்க, வாயில் போட்ட சோற்றில் தலைமயிர் அகப்பட்டதுபோல இருந்தது. இன்றைக்கு ஏன் சின்யோராவிடம் பாவம் புண்ணியம் கதைக்கவில்லை? பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் இருக்கிற அனுமதி, வருகிற மாதம் முடிகிறது, வேலைப் பத்திரத்தில் சின்யோராவின் கையெழுத்து இல்லாமல் பொலிஸ் குவெஸ்தூராவில் வரிசையில்கூட நிற்க முடியாது. அதை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் ஒரு வார்த்தை சொன்னாள்தான். அவனுக்குத் தமிழ் தெரியாதே சின்யோரா, என்றாள். தெரியாதா, என்று சின்யோரா மகனைக் கூப்பிட்டாள்… பொறு, அதற்கு முன்னால் வேறொன்று. இரண்டு பிள்ளைகளுக்கும் எட்டு மாத வித்தியாசம். யூலியானாவை சீசாவில் பிள்ளைப் பள்ளியில் விட்டபோது அங்கிருந்த ஆசிரியை சொன்னாள், வீட்டில் உங்கள் மொழி பேசாதீர்கள், பிள்ளை குழம்பிப்போகும், இத்தாலியனில் பேசுங்கள். அதே வருடம் சின்யோரா எங்கோ வாசித்துவிட்டுச் சொன்னாள், குழந்தையோடு உன் மொழியிலேயே பேசு, காதுக்கு நல்லது, மூளை விரியும். அவள் இரண்டு பேர் சொல்லையும் கேட்டாள். சொல்வழி கேட்கிற பெண். சொந்தப் பிள்ளையோடு உடைந்த இத்தாலியன், அதுவும் களைத்துப்போய் வந்து ஒரு மணி நேரம். அவனோடு நாள் முழுக்கத் தமிழ்… ஆ காட்டு ராசா, ஒரு வாய், பூனை வருது பார், விழுந்துபோடுவாய், என்ரை குஞ்செல்லே. ஏழு வருடம். அப்படியென்றால் கடதாசியில் உள்ளது பொய்யா? மூன்று என்பதே குறைவு அல்லவா?

தானு வந்தான், தாடியும் உயரமுமாக, கையில் போன். தாய் கேட்டதற்குத் தோளைக் குலுக்கினான், எல்லாம் மறந்துபோச்சு, ஒன்றுதான் நினைவிருக்கிறது என்றான். பிறகு கழுத்தைத் திருப்பிச் சமையலறை ஜன்னலைப் பார்த்தான், ஒரு பெருமூச்சு விட்டான், அவளுடைய பெருமூச்சு, அப்படியே. “ஐயோ, ஆறு மணியாச்சு, என்ரை பிள்ளை அங்கை தனிய இருக்கிறாள், மாதாவே.”

ஒரு பிசகில்லை. சிசிலிக்காரன் வாயில் மன்னார் இழுவை. யூலியானாவுக்கு அப்போது ஏழு வயது, நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டால் தானே பூட்டைத் திறந்து, பிஸ்கற் தின்றுகொண்டு, எட்டு மணிவரை… சின்யோரா கை தட்டினாள், எவ்வளவு அழகு, என்ன அர்த்தம்? தெரியாது, பின்னேரங்களில் றோசா இதைத்தான் சொல்லுவாள், ஏதோ செபமாக இருக்கும் என்றான் தானு. இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். ஓம் சின்யோரா, மாதாவுக்குச் சொல்லுற ஒரு செபம், என்றாள் றோசமலர். கடதாசியில் இல்லாத பொய் அது ஒன்றுதான்.

வீட்டில் அவள் புருஷன் ஸ்ரனிஸ்லாஸ் உணவகத்துக் கோப்பை கழுவும் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “இஞ்சேர் றோசா, பத்து வருசமா வகுப்பு எடுக்கிறாய், எங்கடை பெடியளில ஒண்டும் தேறேல்லை, ஒரு வெள்ளையனாவது பாஸ் பண்ணட்டுமன்.” அவர் போனபின் மடு மாதா சுருவத்துக்குப் பின்னாலிருந்த தகரப் பேணியைத் திறந்து சீலை எடுத்தாள். மேசையில் யூலியானா படித்துக்கொண்டிருந்தாள். கடதாசியைப் பார்த்தாள், பெயரைப் பார்த்தாள், நிமிரவில்லை. “உனக்கும் ஒண்டு எழுதுறன் அம்மா,” என்றாள் றோசமலர், தமிழில்தான், அவளையறியாமல். பிள்ளை பக்கத்தைத் திருப்பினாள். மெதுவாக, சொற்களைத் தேடித் தேடி, தமிழிலேயே சொன்னாள். “வேண்டாம் மம்மா. பொய் சொல்லுறது… பாவம்.”

அவன் ஒரு வசனத்தை வைத்திருக்கிறான், இவள் ஒன்றை வைத்திருக்கிறாள்… தான் கற்பித்த தமிழ் மொத்தம் இவ்வளவுதானா என்று கேட்டுக்கொண்டே சீலை அமுக்கினாள். மை கொஞ்சம் வட்டத்துக்கு வெளியே போனது.

தானுவுக்கு இடம் கிடைத்தது, அமெரிக்காவில் இப்போது இரண்டாம் வருடம். யூலியானாவுக்குக் கிடைக்கவில்லை, பலெர்மோவிலேயே தாதியர் படிப்புப் படிக்கிறாள், சனி ஞாயிறுகளில் பகேரியாவில் ஒரு பழைய வில்லாவின் கல்யாண விருந்துகளில் பரிமாறுகிறாள். சின்யோரா வேலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தாள். ஸ்ரனிஸ்லாஸ் அதே உணவகத்தில்தான். தமிழ் வகுப்பை அதே பங்கில் இருக்கிற மொனிகா எடுத்துக்கொண்டாள், சீலும் அவளிடம் போய்விட்டது. றோசமலர் அதே பஸ்களில் மொந்தெல்லோவுக்குப் போய் வருகிறாள், பின்னேரம் ஆறு மணியானால் அந்தச் சமையலறையில் வாய் திறப்பதில்லை.