கருவிக்கு ஒரு நட்சத்திரம்

முப்பது வருடம் சமையல் வினாகிரியின் புளிப்பைப் பியூரெட் என்ற அளவுக்குழாயில் கைப்பட அளந்தவர் ராஜரத்தினம். மெல்பேர்ண் ஆய்வுகூடத்துக்கு அந்த வேலையைத் தானே செய்யும் கருவி வந்ததும் குடும்ப மானத்துக்கே சோதனை வந்ததுபோல் நிமிர்ந்து நின்றார். ஒரே போத்தல் வினாகிரிக்கு அவர் கணக்கு 4.98 சதவீதம், கருவி காட்டியது 5.12.

“அத்தான், மெஷின் பொய் சொல்லாது,” என்றாள் அங்கேயே வேலைசெய்யும் மச்சாள் சிவாஜினி.

“எங்கட குடும்பத்திலயும் அந்தப் பழக்கம் இல்லை.”

குனிந்து பார்த்தார். கருவியின் குழாயில் கடுகளவு காற்றுக்குமிழி. காற்றையும் கரைசலென்று சேர்த்து அளந்திருக்கிறது. சிவாஜினி குமிழியை வெளியேற்றி மறுபடி ஓட்டினாள். 4.98.

ராஜரத்தினம் கருவியைத் தட்டிக்கொடுத்தார். “இனி இதுவும் எங்கட ஆள்தான். ஞாயிற்றுக்கிழமை அர்ச்சனையில பேர் சேர்க்கவேணும்.”

“ஐயர் நட்சத்திரம் கேப்பாரே, அத்தான்?”

அவர் உடனே கைபேசியில் பஞ்சாங்கத்தைத் திறந்தார். “பெட்டியைப் பிரிச்சது எத்தினை மணிக்கு?”