ஒரே மாதிரி ஆறு கோட்டு

"யாரும்மா சாகப் போறது? எனக்கு மட்டும் சொல்லு, வெளியில மூச்சு விட மாட்டேன்" என்று பெட்ரோல் பங்க் கல்லாக்காரி கிளென்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

கிளென்னாவுக்கே தெரிந்தால்தானே சொல்ல! அவள் நடிக்கும் டிவி விண்கலத் தொடரில் இந்த வருஷம் முக்கியமான ஒருவர் சாவார் என்று தயாரிப்பாளர்கள் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டு, நடிக்கிறவர்களுக்குக் கடைசிப் பக்கங்களைக் கண்ணில் காட்டவில்லை. ஏழு வருஷமாகக் கலத்தின் டாக்டராக நடிக்கிறவளுக்கு இது அடுக்குமா? அதற்கு முன்னால் பற்பசை விளம்பரத்தில் பல்லைக் காட்டிப் பிழைத்தவள். ஐம்பத்து நாலு வயதில் டாக்டர் செத்தால் கிளென்னாவும் வீட்டோடு உட்கார வேண்டியதுதான். பயம் ஒரு பக்கம், யாராக இருக்கும் என்ற குடைச்சல் ஒரு பக்கம்.

"நீதான் டாக்டரம்மா" என்று மத்தியானச் சூப்பை உறிஞ்சிக்கொண்டே சீண்டினான் டங்கன். கலத்தின் கேப்டன், அவளுக்கு ஏழு வருஷச் சிநேகிதன். "போன வாரம் உனக்குப் பிறந்தநாள் சீன் எழுதினாங்க பாரு. இங்க கேக் வெட்டினவங்க யாரு பொழைச்சிருக்காங்க?"

"உன் வாயில மண்ணு விழ! நீ போய்ச் சாவேன்."

"கேப்டன் இல்லாம கலத்தை உங்கப்பனா ஓட்டுவாரு?"

அன்று சாயங்காலம் பட்டன் அறுந்துபோன சட்டையோடு கிளென்னா உடை அறைக்குப் போனாள். உடைக்காரி லுஸ் அங்கே இல்லை. மூலையில் துணி போர்த்திய ஸ்டாண்டு ஒன்று நின்றது. கை சும்மா இருக்குமா? விலக்கிப் பார்த்தாள். ஒரே மாதிரி ஆறு சாம்பல் கோட்டு, கலத்துச் சீருடை.

சாதாரண நாளுக்கு ஒரு கோட்டு போதும். குண்டடி பட்டு ரத்தம் கொட்டினால்தான் ஒவ்வொரு தடவை படம் எடுப்பதற்கும் புதுக் கோட்டு வேண்டும். அப்படியானால் இது சாகிறவரின் கோட்டு. பதவிப் பட்டையும் பெயரும் இன்னும் தைக்கவில்லை. யாருடையது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள். தோள் தொங்கியது, கை விரல் நுனிவரை மூடியது. அத்தனை பெரிய உடம்பு கலத்திலேயே ஒருத்தனுக்குத்தான்.

"அப்பாடா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

பின்னால் டங்கன் நின்றான். கையில் இரண்டு காபி, ஒன்று அவளுக்கு. கோட்டைப் பார்த்தான், ஸ்டாண்டைப் பார்த்தான். "எனக்குச் சரியா இருக்கும்போல" என்று காபியை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். அவளுக்கோ, சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா என்று இருந்தது.

கேப்டன் சாகிற நாள் வந்தது. அவள் மடியில் அவன் தலை. அவன் முகத்தைப் பார்த்தாலே வெட்கம் பிடுங்க, அழுகை மரக்கட்டையாக வந்தது. ஐந்து கோட்டு ரத்தத்தில் வீணாகிவிட்டன. இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார். கடைசிக் கோட்டை லுஸ் மாட்டிவிட்டுப் போனதும் டங்கன் கண்ணைத் திறக்காமலே முணுமுணுத்தான்:

"கேளு. அன்னிக்கு நீ கோட்டை மாட்டறதுக்கு முன்னாடியே நான் வாசல்ல நின்னுட்டிருந்தேன்."

"அதுக்கென்ன?"

"அது உனக்கு அளவா இருக்கணும்னு சாமியை வேண்டிக்கிட்டேன்."

கேமரா ஓடத் தொடங்கிவிட்டது. கிளென்னா அவன் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "இதுதான் அழுகை!" என்று கத்தினார் இயக்குநர். எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்தப் பகுதி ஒளிபரப்பான மறுநாள், மழையில், பெட்ரோல் பங்க் வாசலில் டங்கனைக் காரில் உட்காரவைத்துவிட்டு கிளென்னா உள்ளே போனாள்.

"பாவிங்களா, கேப்டனைக் கொன்னுட்டீங்களே!" என்று கல்லாக்காரி மூக்கைச் சிந்தினாள். "ராத்திரி சோறு இறங்கலை எனக்கு. ஆனா ஒண்ணு, தப்பா நினைக்காத, செத்தது நீ இல்லைன்னதும் அப்பாடான்னு இருந்துதும்மா!"

கிளென்னா காரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடிப்போய்க் கடைக் கதவை இழுத்துச் சாத்தினாள்.