குடலில் பட்ட அம்பு

விஸ்கான்சினில் வில்வேட்டைக்கு அன்று கடைசி நாள். காலையில் நான் எய்த பெண்மான் ஓடி மறைந்த இடத்தில் அம்பு கிடந்தது. தங்கை கணவன் லைல் அதை முகர்ந்து முகம் சுளித்தான்.

"குடல்ல பட்டிருக்கு மச்சான். சாகுறதுக்கு நேரமாகும், எங்கயாவது படுத்துக்கும். சாயங்காலம் வரைக்கும் காட்டுக்குள்ள போகாத."

"பனி விழ ஆரம்பிச்சிருச்சுடா. ரத்தத்தடம் மூடிரும்."

"அக்டோபர்ல பொறுக்காம ஓடினியே, அந்தக் கிடாமான் என்னாச்சு? படுத்திருந்தத நீதான எழுப்பி விரட்டின? கடைசில காக்காதான் தின்னுச்சு."

அவனுடைய வண்டியில் உட்கார்ந்து ஆறிப்போன காபியைக் குடித்தோம். இந்த முறை நான் பொறுத்தேன். பனியும் நிற்காமல் விழுந்தது.

மாலையில் காட்டுக்குள் போனபோது எங்கும் வெள்ளையாக இருந்தது. ரத்தமும் இல்லை, குளம்புத்தடமும் இல்லை. அடிபட்ட மான் தண்ணீரைத் தேடும் என்று ஓடையோரமாகக் குனிந்து குனிந்து நடந்தோம். மானைக் காணவில்லை. இடுப்பு விட்டுப்போனது.

"ஓடினாலும் போகுது, உக்காந்தாலும் போகுது," என்றேன்.

"எவ்வளவு தூரத்துல எய்த?"

"நாப்பத்தஞ்சு கஜம்."

"உனக்கு முப்பதே ஜாஸ்தி."

"தெரியும்."

இருட்டியதும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடையின் மறுகரையிலும் தேடப் போனோம்.