முப்பத்தெட்டு லட்சத்துக்குப் பெறுமா?

போனில் அருள்முருகன் என்ற பெயரைக் கேட்டதுமே வெற்றிச்செல்விக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. விக்கிரமங்கலத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார். பெரம்பலூரில் வெளிநாட்டு செடான் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். புதிதாக எடுத்தால் எழுபது லட்சத்துக்கு மேல். முப்பத்தெட்டு கேட்கிறார்கள். அந்த விலைக்குப் பெறுமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்காக வண்டியைச் சோதித்து அறிக்கை எழுதித் தருவதுதான் அவள் தொழில். பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் அவளை 'வெற்றி' என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் யாரோ அந்தப் பெயரைச் சொல்லித்தான் நம்பர் கொடுத்திருந்தார்கள். அவள் யார் மகள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. வேறு வேலை இருக்கிறது என்று அவள் தட்டிக்கழித்திருக்கலாம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாகச் சொன்னாள்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் அவளுடைய அப்பா கருப்பண்ணன், அருள்முருகனிடம் டிராக்டர் ஓட்டினார். கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த மாதம். பிரேக் பிடிக்கவில்லை, பட்டறையில் விட்டால்தான் ஆகும் என்று அப்பா வீட்டில் சொன்னதைப் பன்னிரண்டு வயது வெற்றிச்செல்வி கேட்டிருக்கிறாள். மறுநாள் ஏரிக்கரை வளைவில் கரும்பு லோடோடு டிராக்டர் கவிழ்ந்தது. அப்பா அங்கேயே போய்விட்டார். உடம்பை எடுப்பதற்கு முன்பே, குடித்துவிட்டு ஓட்டினான் என்று அருள்முருகன் எல்லோரிடமும் சொன்னார். அவர் சொன்னதை ஊர் பிடித்துக்கொண்டது. அப்பா ஒருநாளும் குடித்ததில்லை. அது தெரிந்தவர்கள்கூட அருள்முருகன் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. கூலிக்குப் போன இடத்திலெல்லாம் 'குடிச்சிட்டுச் செத்தவன் பொண்டாட்டி' என்ற பேச்சு அம்மா கொளஞ்சியம்மாளின் காதில் விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் அம்மா நல்லது கெட்டதுக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

வெற்றிச்செல்வி ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்து, திருச்சியில் ஆறு வருடம் பட்டறையில் வேலை பார்த்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூருக்கு வந்துவிட்டாள்.

துறைமங்கலத்தில் சுரேஷ்குமார் என்ற புரோக்கரின் ஷெட்டில் கார் நின்றிருந்தது. கருநீல நிறம். கண்ணாடி மாதிரி பளபளத்தது. அருள்முருகன் வெள்ளை வேட்டியில் பக்கத்தில் நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது, குரல் மட்டும் மாறவில்லை. போனில் பேசிய பெண்ணே சோதிக்கவும் வந்ததைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார். அவள் கருவிகளை எடுத்து வைத்ததும் 'மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

பெயின்ட் சுத்தமாக இருந்தது. ஒரு தட்டல்கூட இல்லை. எஞ்சின் சத்தமே கேட்காமல் ஓடியது. உள்ளே வாசனைத் திரவத்தின் நெடி தூக்கலாக இருந்ததுதான் அவளுக்கு முதல் சந்தேகம். முன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தாள். பெல்ட்டின் அடிப்பகுதியில், வழக்கமாக யாரும் இழுத்துப் பார்க்காத இடத்தில், குறுக்கே ஒரு செம்மண் கோடு. ஸ்டெப்னி வைக்கும் குழியின் மூலையில் காய்ந்த வண்டல். தரைவிரிப்பைக் கிளப்பினால் ஒயர் முனைகளில் பச்சைக் களிம்பு. ஸ்கேனரைச் செருகிப் பார்த்தாள். பழுதுக் குறிப்புகள் எல்லாம் முந்தின நாள்தான் அழிக்கப்பட்டிருந்தன.

சீட் உயரத்துக்கு வெள்ளத்தில் நின்ற வண்டி. எந்த ஊர் வெள்ளமோ. இன்றைக்கு ஓடும், இரண்டு மாதமும் ஓடும். பிறகு ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும். பிரித்து உதிரிபாகமாக விற்றால் ஆறு லட்சம் தேறினாலே அதிகம்.

அறிக்கை எழுத உட்கார்ந்தாள். நல்ல வண்டி என்று எழுதினால் அவர் முப்பத்தெட்டு லட்சத்தையும் தொலைப்பார். ஆனால் அது பொய். பொய் சொல்லி அவரைக் கவிழ்க்க அவளுக்கு மனமில்லை, தன் பெயரைக் கெடுத்துக்கொள்ளவும் மனமில்லை. உண்மையை எழுதிக் கொடுத்தால் மேடம் என்று கும்பிட்டு, பிழைத்தோம் என்று போய்விடுவார். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அவரை அவள் காப்பாற்றியதாக ஆகிவிடும்.

பிறகுதான் அவளுக்கு வழி தெரிந்தது. உண்மையை ஒரு வரி விடாமல் எழுதினாள். 'வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. பிரேக் கட்டுப்பாட்டு யூனிட் உட்பட மின்பாகங்கள் அரித்துள்ளன. வாங்க வேண்டாம்.' தாளை அவர் கையில் கொடுக்கவில்லை. முதலில் தான் யார் என்று சொன்னாள்.

"நான் கருப்பண்ணன் மவ. ஒங்ககிட்ட டிராக்டர் ஓட்டினாரே, அவரு."

அருள்முருகனின் முகம் இறுகியது. சுரேஷ்குமாரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவளை மேலும் கீழும் பார்த்தார். அதற்குப் பிறகு மேடம் இல்லை.

"அவன் மவளா நீ?"

அவள் தாளை நீட்டினாள். வண்டி தண்ணியில் நின்றது, வாங்காதீர்கள், ஆறு லட்சத்துக்குக்கூட யோசிக்கணும் என்று வாயாலும் சொன்னாள். கூழைக்கும்பிடு எதுவும் இல்லாமல், கண்ணைப் பார்த்துச் சொன்னாள். சுரேஷ்குமார் பதறிப்போய், இந்தப் பொண்ணு ஏதோ மனசுல வச்சிக்கிட்டுப் பேசுது என்றான்.

அருள்முருகன் சிரித்தார். "ஒங்கப்பனும் இப்படித்தான். தொட்டதுக்கெல்லாம் பிரேக் இல்ல, பிரேக் இல்லம்பான். நீங்க சொல்லி நாங்க கேக்குற காலம் வந்துடுச்சோ?"

அதுவரை அவளுக்குள் எங்கோ ஒரு மூலையில் தயக்கம் இருந்தது. அந்தக் காரில் அவர் பெண்டாட்டியும்தானே ஏறுவாள் என்று. அவர் சிரித்ததும் அது போய்விட்டது. அறிக்கையைப் படித்துப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்டாள். மூன்று நகலிலும் தேதி போட்டு, படபடவென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒன்று அவருக்கு, ஒன்று அவளுக்கு, ஒன்றை சுரேஷ்குமாரிடமும் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாளே வண்டியை எடுத்தார். விக்கிரமங்கலத்தில் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஊரைச் சுற்றி ஓட்டினார் என்று கேள்விப்பட்டாள். ஐப்பசி மழையில் மீன்சுருட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது நடுரோட்டில் கார் அணைந்தது. கண்ணாடி இறங்கவில்லை, கதவு திறக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் கண்ணாடியை உடைத்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள். கூட யாரும் இல்லை. நல்லவேளை என்று வெற்றிச்செல்வி நினைத்தாள். இத்தனை பேர் பார்த்தார்களே என்ற சந்தோஷமும் அதோடு சேர்ந்து வந்தது. இரண்டையும் அவளால் பிரிக்க முடியவில்லை.

அவர் சுரேஷ்குமார் மேல் நுகர்வோர் வழக்குப் போட்டார். சுரேஷ்குமார் அந்த நகலை எடுத்துக் காட்டினான். எல்லாம் தெரிந்துதான் வாங்கினார், இதோ கையெழுத்து என்றான். அந்த ஏமாற்றுக்காரன் தன் தாளை வைத்தே தப்பிப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அருள்முருகன் ஆட்டோவில் வந்து அவர்கள் வீட்டு வாசலில் இறங்கினார். அம்மா அவரைப் பார்த்ததும் எழுந்து சுவரோரம் நின்றுகொண்டாள். வெற்றிச்செல்வி அம்மாவை உட்காரச் சொன்னாள். அவருக்கும் நாற்காலி போட்டாள்.

வண்டி வாங்கினதுக்கு அப்புறம்தான் அறிக்கை கொடுத்தேன், தேதியை முன்னாடி போட்டுக் கையெழுத்து வாங்கினேன் என்று அவள் கோர்ட்டில் வந்து சொன்னால் போதும், கேஸ் ஜெயித்துவிடும் என்றார். இப்போது மறுபடி 'ங்க' போட்டுப் பேசினார்.

அவள் கேட்டாள். "எங்கம்மாவுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்கு எங்கப்பா குடிச்சிருந்தாரா?"

ஆட்டோக்காரர் வாசலில் ஹாரன் அடித்தார். அருள்முருகன் திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்ல. குடிக்கல."

"பிரேக்?"

"சொன்னான்." ஒரு தடவை அம்மா பக்கம் பார்த்தார். "சொன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு. வெட்டு முடியட்டும்னு நான்தான் விட்டுட்டேன்."

கொளஞ்சியம்மாள் முந்தானையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள்.

"சரி, கேஸ்ல வந்து சொல்லிடுவீங்கல்ல?" என்றார் அவர்.

"நான் எழுதினது நெசம். அத மாத்த மாட்டேன். போயிட்டு வாங்க."

அவர் ஏதாவது கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தவில்லை. முழங்காலில் கையூன்றி எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலிலேயே நின்றாள். பத்தொன்பது வருடமாகக் காத்திருந்தது நடந்துவிட்டது. இன்னும் போதாது என்றுதான் மனசு சொன்னது. கூட்டத்தில் சொல்ல வைத்திருக்கணும், ஏரிக்கரையில் நிறுத்திச் சொல்ல வைத்திருக்கணும்.

உள்ளே வந்தபோது அம்மா கேட்டாள். "வாங்காதன்னு சொன்னா வாங்குவான்னு தெரிஞ்சுதான் சொன்னியா?"

"ஆமாம்மா."

அம்மா போனை எடுத்து, வரதராஜன்பேட்டையில் இருக்கும் தன் தம்பி நம்பரைப் போட்டுத் தரச் சொன்னாள். அவன் எடுத்ததும், "அவன் வாயாலயே சொல்லிட்டாண்டா, ஒங்க மாமா குடிக்கலன்னு" என்றாள். வைத்ததும் அடுத்த நம்பரைப் போடச் சொன்னாள்.