காவல்காரரும் துணைக் காவல்காரரும்

தேனெஷ் ஐந்தரைக்கு எழுந்தான். முகம் கழுவினான். ஒரு கோப்பை காபி போட்டு, நின்றபடியே குடித்தான். டிராமில் மூன்று நிறுத்தம் போனான். புடாபெஸ்டின் எட்டாம் வட்டாரத்தில் அந்த ஒயின் கடை. இரும்புக் கதவை மேலே தள்ளினான். சோடாக் குப்பிகளைத் துடைத்து அடுக்கினான்.

அவன் நில அளவை படித்தவன். கடையில் ஒயின் ஊற்றியது மனைவி எமோக்கே. அவள் இறந்ததும், வேறு ஆள் கிடைக்கும்வரை காலையில் நான் நிற்கிறேன் என்று முதலாளியிடம் சொன்னான். நான்கு மாதம் ஆகிவிட்டது.

சுவரில் அவள் கையெழுத்தில் ஒரு கரும்பலகை. ஒயினும் சோடாவும் கலக்கும் விகிதத்துக்கு ஒவ்வொரு பெயர். வீட்டுக்காரர் என்றால் நான்கு பங்கு ஒயின், ஒரு பங்கு சோடா. காவல்காரர், மூன்றுக்கு இரண்டு. துணைக் காவல்காரர், இரண்டுக்கு மூன்று. குடித்தனக்காரர், ஒன்றுக்கு நான்கு. கஞ்சன், ஒன்றுக்கு ஒன்பது.

அன்று முதலாளி கல்மான் புதுப் பலகையோடு வந்தார். அச்சடித்தது. சிறியது, நடுத்தரம், பெரியது.

“இந்தப் பேரெல்லாம் இப்ப யாருக்குடா தெரியுது? எமோக்கே கண்ணாலயே அளந்து ஊத்துவா. நீ அளவுக் கிளாஸ் இல்லாம ஒரு நாள் ஊத்தியிருக்கியா?”

“அளவுக் கிளாஸ் இருந்தே தப்பு பண்றான்,” என்றாள் பிரி அத்தை. பக்கத்துக் கட்டடத்தில் நாற்பது வருஷம் காவல் பார்த்தவள். கடை திறந்ததும் முதல் ஆள். “முந்தாநாள் காவல்காரர் கேட்டேன். துணைக் காவல்காரரை நீட்டுறான். பென்ஷன் வாங்குற வயசுல என்னைப் பதவி இறக்கிட்டான், பாவி!”

கடை சிரித்தது. தேனெஷ் சிரிக்கவில்லை.

“பழைய பலகை இருக்கட்டும் மாமா.”

“அப்ப அளக்காம ஊத்து. அஞ்சையும். அத்தை குடிச்சுப் பார்த்துச் சொல்லட்டும். ஒண்ணு தப்பினாலும் பழசைக் கழட்டிருவேன்.”

பிரி அத்தை திரும்பி நின்றுகொண்டாள். ஐந்து கிளாஸ்களும் ஒரே அளவு. எமோக்கே கண்ணால் அளக்கவில்லை. அது அவனுக்கு மட்டும் தெரியும். ஏழு வருஷம் அவள் வேலை முடியக் காத்திருந்து கேட்ட சத்தம் அது: கிளாஸ் நிறைய நிறைய, விழும் ஒயினின் ஓசை கூர்மையாகிக்கொண்டே போகும். அவளைப் போலவே முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு ஊற்றினான். மீதியைச் சோடாவால் நிரப்பினான். வரிசையைக் கலைத்து வைத்தான்.

அத்தை முதல் கிளாஸை எடுத்தாள். “கஞ்சன். தூ!”

அடுத்தது. “வீட்டுக்காரர். கும்பிடுறேன் ஐயா.”

அடுத்தது. “குடித்தனக்காரர். மூணாவது மாடி, பின்பக்கம்.”

இன்னும் இரண்டு. ஒன்றைக் குடித்தாள். மறுபடி குடித்தாள்.

“துணைக் காவல்காரர்.”

கடைசிக் கிளாஸை ஒரே மூச்சில் காலி செய்து கவிழ்த்தாள்.

“இது நான்தான்.”

கடை கைதட்டியது. கல்மான் புதுப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. வாசலில் நின்ற புது வாடிக்கையாளர் ஒருவரிடம் பெருமையாகச் சொன்னார்: “இவன் பொண்டாட்டி சாகும்போதுகூட, பேருங்களை விட்றாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனா.”

“இல்ல மாமா,” என்றான் தேனெஷ்.

நிமிர்ந்து நின்றான். நான்கு மாதத்தில் முதல் தடவையாக அவன் குரல் கடைசி மேசைவரை கேட்டது.

“கடைசி நாள் ஆஸ்பத்திரியில நர்ஸ் ராஸ்பெர்ரி சர்பத் கலக்கிக் குடுத்தாங்க. ஒரு வாய் குடிச்சா. கிளாஸைத் திருப்பிக் குடுத்தா. ‘தண்ணி ஜாஸ்தி’ன்னா.”