மஞ்சள் தகடு

ஊசி நுழைகிற சந்தில்கூட வண்டியை நுழைத்துவிடுவான் என்பதால் கிடங்கில் அவனுக்கு ‘ஊசி’ என்றே பேர். அந்த மகராசன்தான் இப்போது ஃபோர்க்லிஃப்ட் சீட்டில் ஆணி அடித்தாற்போல உட்கார்ந்திருந்தான்.

மேல்தட்டில் பெயிண்ட் டின்களை ஏற்றும்போது, ரேக்கின் குறுக்குச் சட்டம் கொக்கியை விட்டுக் கழன்றது. தட்டு மொத்தமும் சரிந்து, அவன் தூக்கிப் பிடித்திருந்த வண்டியின் ஃபோர்க் கரங்களின் மேல் சாய்ந்து நின்றது. கீழே, டின்களோடு விழுந்த மரப்பலகைக்கு அடியில் அவன் தங்கை புருஷனின் கால். வண்டி உள்ளே வந்தால் ஆள் வெளியே போகவேண்டும் என்பது சட்டம்தான். அவசரத்தில் எவன் சட்டம் பார்க்கிறான்? இனி வண்டியைக் கொஞ்சம் அசைத்தாலும் அத்தனையும் மாப்பிள்ளையின் தலையில் இறங்கும்.

போன வாரம் வண்டியின் பின்பக்கம் இடித்து இதே ரேக்கின் தூண் வளைந்துவிட்டது. ஏற்கெனவே எச்சரிக்கை வாங்கியவன், சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மாப்பிள்ளைதான் யோசனை சொன்னான். வரிசையின் கோடியிலிருந்த தூணின் மஞ்சள் கவசத் தகட்டைக் கழற்றி வந்து, வளைவு தெரியாமல் இருவருமாக மாட்டினார்கள்.

“தூண் கல்லு மாதிரி நிக்குது. இதுல ஜாக்கியை அண்டக் கொடுத்துப் பலகையைத் தூக்கிடலாம்” என்று, சத்தம் கேட்டு ஓடிவந்த ஃபிட்டர் அந்தத் தகட்டைத் தட்டினார்.

ஊசி சொல்ல வாயெடுத்தான்.

கீழேயிருந்து மாப்பிள்ளை முனகினான். “மச்சான்... வாயைத் திறக்காத. ரெண்டு பேர் பொழப்பும் போயிடும்.”

அடப்பாவி, உயிர் ஊசலாடும்போதும் பிழைப்புக் கவலை. தங்கையின் முகம் ஊசியின் கண்ணில் வந்து நின்றது.

“அந்தத் தூணை நம்பாதீங்கண்ணே. தகட்டுக்குப் பின்னாடி வளைஞ்சிருக்கு. நான்தான் இடிச்சேன்.”

ஃபிட்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். ஜாக்கியை அங்கிருந்து எடுத்துக்கொண்டார். தூணைத் தொடாமல், தரையில் கட்டைகளை அடுக்கி, பலகையை இம்மி இம்மியாகத் தூக்கி மாப்பிள்ளையை வெளியே இழுத்தார்கள். கால் ஒடிந்திருந்தது, உயிர் இருந்தது.

“தகட்டை மாட்டினது யாரு?” என்றார் அதற்குள் வந்து நின்ற சூப்பர்வைசர்.

“நான்தான் சார். தனியா.”

ஸ்ட்ரெச்சரில் கிடந்த மாப்பிள்ளை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். திருப்பட்டும். வீட்டில் ஒருத்தனுக்காவது வேலை வேண்டுமே.

“நாளைக்கு நீ வர வேண்டாம்.”

ஊசி பழக்கத்தில் பெல்ட்டைக் கழற்றப் போனான்.

“இறங்காத” என்று தடுத்தார் சூப்பர்வைசர். “பக்கத்து வரிசை வழியா மேல இருக்கறதை இறக்குற வரைக்கும் நீதான் பிடிச்சிட்டிருக்கணும்.”

எல்லோரும் வெளியேறி, வரிசையின் வாயில் கயிறு கட்டினார்கள். இந்த சீட் போய்விடக்கூடாது என்றுதான் ஒரு வாரமாகச் செத்துச் செத்துப் பிழைத்தான். வேலை போய்விட்டது. சீட் மட்டும் அவனை விடவில்லை. தலைக்கு மேலே டின்கள் மெல்ல உரசிக்கொண்டன.